ஜன்னல் டயருக்கு ஒரு ஜோடி

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். வாடிக்கைக்காரரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசக் கூச்சப்பட்டு, கடையின் முன்பக்கம் நிற்காமல் பின்பக்கம் டயர் மாட்டும் வேலையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன். அப்படிப்பட்டவன் பேனாவைப் பிடிப்பது அதிகப்படிதான். டயர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிப்பதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஒர்க்‌ஷாப்காரர்கள் கேட்டார்கள். பஞ்சர் ஒட்டுவதைப் பற்றியும் ரிம்மில் பிடிக்கும் துருவைப் பற்றியும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இது ஒன்றுதான் வருகிறது. இதை எழுதி முடிக்காமல் மற்றதற்குக் கை போகவில்லை.

1. மேற்குப் பார்த்த ஜன்னல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்தது. கோயமுத்தூரில் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த சமயம். கார் வைத்திருந்தவர்கள் மில்காரர்கள், வக்கீல்கள், டாக்டர்கள், அப்புறம் காங்கேயம், உடுமலைப் பக்கத்துப் பெரிய பண்ணையக்காரர்கள். கிராமத்தில் காரைக் கார் என்று சொல்ல மாட்டார்கள். பிளஷர் என்பார்கள். பெரிய குடும்பங்கள் ஏழு பேர் உட்காரும் டூரிங் கார்தான் வாங்கும். மேலே கான்வாஸ் கூரை, இரண்டு பக்கமும் நிற்பதற்குப் படி. ஏழு பேர் என்பது பேச்சுக்கு. கோயிலுக்குப் போனால் பத்துப் பேர் ஏறுவார்கள். திரும்பி வரும்போது தேங்காய் மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏறும். அதனால் இந்த வண்டிகளில் பின் டயர்கள்தான் முதலில் போகும்.

எங்கள் கடை மேற்குப் பார்த்தது. முன்னால் கண்ணாடி ஜன்னல். அதில் ஒரு புது டயரை நிமிர்த்தி நிறுத்தியிருப்போம். மானேஜருக்கு அதில் பெருமை அதிகம். "ரோட்டுல போறவன் கண்ணுல சரக்குப் படோணுமப்பா" என்பார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த டயரைத் துடைத்து வைப்பது என் வேலை.

நான் சொல்லும் டயர் அந்த ஜன்னலில் இரண்டு கோடையைப் பார்த்துவிட்டது. மத்தியானத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் நேராக அதன் மேல்தான் விழும். ஓடாத டயர் கெடாது என்று வாங்குகிறவர்கள் நினைக்கிறார்கள். ரப்பரை ரோடு தின்பது பாதி, வெயில் தின்பது பாதி. ரோட்டில் படும் வரிப் பக்கமான டிரெட் அப்படியே புதிதாக இருக்கும். பக்கவாட்டுச் சுவரை, நாங்கள் சைடுவால் என்போம், அதைக் கையால் மடக்கிப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீர் வற்றிய குட்டையில் மண் காய்ந்து கிடப்பதுபோல மெல்லிய வெடிப்பு ஓடியிருக்கும். நான் வாராவாரம் துடைத்தவன். எனக்குத் தெரியும். நானாக யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

2. ஜோடி

மாசிக் கடைசியில் ஒரு நாள் காலையில் காங்கேயத்துப் பக்கத்திலிருந்து ஒரு கவுண்டர் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாடு வளர்ப்பில் பெயர் எடுத்த வீடு. அவருடைய டிரைவர் காசிம் எனக்கு முன்பே பழக்கம்.

"ஏனுங்க, பின்னாடி ரெண்டும் தேஞ்சு துணி தெரியுதுங்க. மாத்தோணும்" என்றார் கவுண்டர். மானேஜர் நாற்காலி போட்டார். கவுண்டர் உட்காரவில்லை.

"நல்லதா வேணுமுங்க. என்ற மகளுக்கு இது மூணாவது பேறு. முன்ன ரெண்டும் ஊட்லயே பாத்தோம், ரெண்டும் தங்கலீங்க. இந்தத் தடவை வலி எடுத்ததும் இங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாரச் சொல்லிப்போட்டாங்க டாக்டரம்மா. நாப்பது மைலு. அதுக்குத்தானுங்க இந்த டயரு."

நான் குடோனிலிருந்து இரண்டு டயர்களை உருட்டி வந்தேன். ஒரே சைஸ், இரண்டும் ஆறு பிளை. பிளை என்பது உள்ளே இருக்கும் நூல் அடுக்கு. பாரம் தாங்குவது அதுதான். இரண்டும் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒன்றின் டிரெட் கட்டம் கட்டமாக இருக்கும், மற்றதில் வளைவு வரி. கம்பெனி வேறு. அதனால் ஓட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கு யாராவது கேட்டாலும் அந்த இரண்டைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

கவுண்டர் இரண்டையும் சுற்றி வந்தார். மாட்டின் முதுகில் தட்டுவதுபோல் உள்ளங்கையால் தட்டினார்.

"இது ஜோடி இல்லீங்களே."

"சைஸ் ஒண்ணுதானுங்க" என்றார் மானேஜர். "ரெண்டும் புதுசு. அடியில இருக்கற வரியை ஆரு பாக்கப் போறாங்க."

"நான் பாப்பனுங்க. ஜோடி சேராத மாட்டை எங்கூட்டு வண்டியில பூட்டுனதில்லை. ஒண்ணு முன்ன இழுக்கும், ஒண்ணு பின்ன இழுக்கும். உள்ள உக்காந்திருக்கறவளுக்கு அலுங்குமுங்க."

காசிம் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். "கவுண்டரு தனக்குப் பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இத்தனை நேரம் ஆகலீங்க" என்றார்.

"அன்னைக்கு அவுங்கதான்டா என்னையப் பாத்தாங்க. மாட்டுக்குப் பாக்கறாப்ல, சுழி சுத்தமா இருக்குதான்னு" என்றார் கவுண்டர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் அவர் பார்வை ஜன்னலுக்குப் போனது. அங்கே நின்றது அதே வளைவு வரி, அதே கம்பெனி. "அங்க நிக்குது பாருங்க, இதோட ஜோடி" என்று தானே போய் அதைத் தூக்கி வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது சித்தே வெளுத்தாப்ல இருக்குதுங்களே."

மாடு பார்த்துப் பழகிய கண், மாட்டுக் கண் என்பது அதுதான். கடைக்கு வந்துபோன ஒருவரும் கவனிக்காததை அவர் கவனித்தார்.

"தூசிங்க" என்றார் மானேஜர். "ரோட்டுத் தூசி."

"அதுக்கில்லீங்க. சந்தையில கெழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி, எண்ணெயப் பூசி ஓட்டியாருவானுக. என்ற கண்ணுல அதெல்லாம் தப்பாது. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீங்க போயிக் காபி சாப்ட்டுட்டு வாங்க. வாரதுக்குள்ள மாட்டி வெச்சர்றோம்."

கவுண்டரும் காசிமும் எதிர்ச்சாரியில் இருந்த காபி கிளப்புக்குப் போனார்கள். மானேஜர் என் பக்கம் திரும்பினார்.

"ரங்கா, அதுக்குக் கருப்புப் போட்டுரு."

கருப்பு என்பது பஞ்சர் ஒட்டும் ரப்பர் சொல்யூஷனில் விளக்குக் கரியைக் குழைத்து நாங்களே செய்வது. பழைய டயரில் ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் இருக்கப் பூசுவோம். மெல்லிய வெடிப்புக்குள் நன்றாக இறங்கி மூடிவிடும்.

"ஐயா, சைடுல வந்து…" என்றேன்.

"என்னப்பா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கருப்பு டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்கும்போதும் இப்படித்தான் குனிவேன்.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

இரண்டு தடவை பூசினேன். மோசமாகச் செய்யவில்லை. எந்த வேலை கொடுத்தாலும் ஒழுங்காகச் செய்கிற பழக்கம் எனக்கு. நாற்பது மைல்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாற்பது மைலுக்குப் பங்குனி வெயில் சேரும் என்பதையும், பின்னால் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதையும் நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். வலப்பக்கம் ஜன்னல் டயரையும் இடப்பக்கம் புது டயரையும் மாட்டினேன்.

கவுண்டர் திரும்பி வந்தார். வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்பப் பாரு. அண்ணந்தம்பியாட்ட இருக்குது."

மடியிலிருந்து சந்தனப் பொட்டலத்தை எடுத்துக் குழைத்து, இரண்டு டயர்களுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தார். வலப்பக்கத்து டயரில் கருப்பு முழுதாகக் காயவில்லை. அவருடைய கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. விரலைத் தூக்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"புது ரப்பருங்க. அப்படித்தான் ஒட்டும்" என்றேன்.

யாரும் சொல்லச் சொல்லவில்லை. வாடிக்கைக்காரர் எதிரில் வாயே திறக்காதவன், அன்றைக்கு அவர் கேட்காமலே பதில் சொன்னேன். அவர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுக்கச் சொன்னார்.

3. ஒன்று மட்டும்

ஒரு மாதம் கழித்து அதே கார் கடை முன்னால் வந்து நின்றது. கவுண்டர் சவரம் செய்யாமல் இருந்தார். காசிம் இறங்கிவந்து என்னோடு பேசவில்லை, ஸ்டியரிங்கிலேயே இருந்தார். வண்டியின் இடப்பக்கம் நாங்கள் மாட்டிய டயர். வலப்பக்கம் பழைய ஸ்டெப்னி.

என்ன ஆச்சு என்று மானேஜர் கேட்டார். கவுண்டர் நின்றபடியே சொன்னார்.

"வலி எடுத்தது காத்தாலைக்குங்க. மருத்துவச்சியையும் கூட்டிக்கிட்டு எட்டுப் பேரு கெளம்பினோம். பல்லடம் தாண்டி நல்ல வெயிலு. சோத்தாங்கைப் பக்கம் டயரு வெடிச்சுதுங்க. வண்டி அப்படியே இழுத்துட்டுப் போயிப் பள்ளத்துல எறங்கிப்போச்சு. காசிமு மேல குத்தமில்லீங்க, அவன் இல்லாட்டி உருண்டிருக்கும். காட்டுல உழுதுட்டிருந்த ஒருத்தரு மாட்டை அவுத்துட்டு ஓடியாந்தாரு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு காரி. ஒண்ணு ஒசரம், ஒண்ணு குட்டை. ஜோடியே இல்லீங்க. ஒரே மூச்சுல இழுத்துப்போட்டுதுங்க."

காரைத் திரும்பிப் பார்த்தார்.

"வண்டியத் தூக்கி, சக்கரம் மாத்தி, ரெண்டு மணி நேரம் ஆயிப்போச்சு. கொழந்தை தங்கலீங்க. ஆம்பளப் பையன். மக பொழைச்சுக்கிட்டா. இனி வேண்டாமுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

மானேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

"மிச்சம் இருக்கற டயருக்கு ஒரு ஜோடி வேணுமுங்க. அவளை ஆஸ்பத்திரியில இருந்து ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போகோணும்" என்றார் கவுண்டர்.

"பாக்கறனுங்க" என்று சொல்லி மானேஜர் குடோனுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. அந்த வரியில் டயர் இல்லை என்று அவருக்குத் தெரியும். வெளியே வர அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

நான் வண்டியின் பின்பக்கம் குந்தி, மிச்சமிருந்த டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கவுண்டர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாட்டுக் கண்ணை வெச்சு டயரு வாங்கலாமா தம்பி? மானேஜரு நல்லதாத்தான் எடுத்துக் குடுத்தாரு. நாந்தான் ஜோடி வேணும்னு நின்னேன். அவகிட்டச் சொல்லிப்போட்டேன், அம்மணி, என்ற புடிவாதந்தான் உன்ற பையனைக் கொண்டுபோச்சுன்னு. அவ ஒண்ணும் பேச மாட்டேங்கறா."

இதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்க முடியும். அதுவரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

"உங்க மேல குத்தமில்லீங்க" என்றேன். "அந்த டயரு ரெண்டு வருசமா ஜன்னல்ல வெயிலுல நின்னதுங்க. சைடெல்லாம் வெடிப்பு. நீங்க வெளுத்திருக்குதுன்னு சொன்னது நெசந்தானுங்க."

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பொறம் எப்படிக் கருப்பாச்சு?"

"கரி பூசினமுங்க."

"ஆரு பூசுனது?"

"நாந்தானுங்க."

அவர் தன் வலது கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்தார். அதில் இப்போது ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் பூசியிருந்தே" என்றார். "சந்தையிலகூட ஆரும் இப்படிப் பூச மாட்டானுக."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். காசிம் திரும்பி, "ஜோடி வாங்கலீங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாம். ஸ்டெப்னியிலயே ஓட்டு. மெதுவாப் போலாம்."

வண்டி நகருவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். நான் கதவருகே போனேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார்.

மானேஜர் வெளியே வந்து, "கவுண்டர் எங்கப்பா?" என்று கேட்டார். போய்விட்டார் என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். டிரெட்டைப் பார்த்து டயரைக் கொடுக்காதீர்கள், சைடுவாலை மடக்கிப் பாருங்கள். சைஸும் பிளையும் சரியாக இருந்தால் வரி வேறாக இருக்கலாம் என்று வாங்குகிறவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். கெட்டது தெரிந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். கூச்சமாக இருக்கிறது என்பது ஒரு காரணம் இல்லை. எனக்கு அதைச் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் சொல்லியும் பயன் இல்லாமல் போயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜன்னலில் மானேஜர் புதிதாக வைத்திருந்த டயரைத் துடைத்து வைத்தேன்.