பின்வாசல் வழியே போன தபால்காரர்

கிளமானுக்கு முப்பத்தாறு வயது. அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்; அதனால் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடியுரிமை. அண்ணன் அர்மான் பாரிசுக்குப் போய்ப் பதினாறு வருடமாகிறது. கிளமான் போகவில்லை. பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் பிளெக்ஸ் பேனர் செய்தான். கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு விழா, மறுபடி கண்ணீர் அஞ்சலி. மூன்று வருடத்துக்கு முன் அதையும் விட்டுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து தனி ஆளாக ஒரு வீடியோ கேம் செய்தான்.

பழைய காலத்து கேம் மாதிரி, சதுரம் சதுரமான புள்ளிகளால் ஆன படம். ஒரு மீனவ கிராமம். தபால்காரர் ஒருவர் முகவரி அழிந்த கடிதத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டும். மணலுக்கு வீராம்பட்டினம் கடற்கரையின் நிறத்தைக் கொடுத்திருந்தான். வெளிநாட்டு இணையக் கண்காட்சி ஒன்றில் அதன் முதல் பகுதிக்கு இடம் கிடைத்திருந்தது. ஞாயிறு மாலை நாலரைக்குள் ஏற்ற வேண்டும். தவறினால் பாரிசில் அண்ணன் வேலை செய்யும் கிடங்குக்கே வேலைக்குப் போய்விடுவதாக மனைவி மர்த்திடம் அவனே சொல்லியிருந்தான்.

மர்த் பள்ளி ஆசிரியை. அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் கடைசியாக ஒருமுறை ஆடிப் பார்க்க உட்கார்ந்தாள். முதல் பகுதி முடிய நாற்பது நிமிடம். நடுவில் சேமிக்க முடியாது. பழைய கேம்கள் அப்படித்தான்.

மூன்றே முக்காலுக்குக் கூப்பிட்டாள்.

"ஏங்க, உங்க போஸ்ட்மேன் நின்னுட்டாரு."

"எங்க?"

"சாவு வூட்டுக்குப் பின்னாடி. மணல்ல கால வெக்க மாட்டேன்றாரு."

சோதித்துப் பார்ப்பதற்கென்று அவன் ஒரு குறுக்குவழி வைத்திருந்தான். அதன் வழியே நேராகச் சாவு வீட்டுக்குப் போனான். தபால்காரர் மணலில் நடந்தார். மறுபடி போனான். நடந்தார்.

"சோதிக்கக் குடுத்த மூணு வெளிநாட்டுக்காரனுங்க முழுசா ஆடியிருக்கானுங்க. ஒருத்தனுக்கும் நிக்கல. நீ இன்னா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? கடுதாசியக் காட்டினேன், பின்வாசல் வழியா வந்தேன்."

"அதுக்கு முன்ன?"

"செருப்பக் கழட்டிட்டு உள்ள போனேன். வேற எப்பிடிப் போவாங்க?"

கிளமான் நாற்காலியில் உட்கார்ந்தான். வாசலில் செருப்பைச் சொடுக்கினால் தபால்காரர் கழற்றுவார். சும்மா அழகுக்காக வைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் யாரும் கழற்றவில்லை. குறுக்குவழியில் போன அவனும் கழற்றவில்லை. மர்த் ஒவ்வொரு வாசலிலும் கழற்றியிருக்கிறாள். மற்ற வீடுகளுக்கு ஒரே வாசல்; வெளியே வரும்போது தானே மாட்டிக்கொள்வார். சாவு வீட்டுக்கு மட்டும் இரண்டு. செருப்பு முன்வாசலில் கிடந்தது. வெயில் மணலில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று முதல் வருடமே நிரலில் எழுதி வைத்தவன் அவன்தான்.

மணி நாலு ஐந்து.

"கழட்டுறதையே எடுத்துடறேன். ஒரே வரி."

"சாவு வூட்டுக்குள்ள செருப்போட போவாரா?"

"அங்க எவன் பாக்கப் போறான்?"

"நான் பாப்பேன்."

அவன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். மணலில் போட்டிருந்த தடையை எடுத்தான். வெறுங்கால் என்றால் துள்ளித் துள்ளி நடக்கட்டும் என்று எழுதினான். ஒரு எழுத்து பிசகி எல்லாம் நின்றது. தேடிக் கண்டுபிடித்தபோது நாலு பதினாலு. சோதிக்க நேரமில்லை. ஏற்றத் தொடங்கினான். அறுபத்தொரு சதவீதத்தில் கோடு அசையாமல் நின்றது. மர்த் தன் போனிலும் அவன் போனிலும் இணையத்தை அணைத்தாள். கோடு நகர்ந்தது. நாலு இருபத்தேழுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. இனி மாற்ற முடியாது.

அது ஓடுமா என்று இருவருக்கும் தெரியாது.

மர்த் முதலிலிருந்து ஆட ஆரம்பித்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். ஐந்து மணியைத் தாண்டியது.

"மணலுக்கு வந்துட்டேன்."

அவன் திரும்பவில்லை.

"துள்றாரு. பாவம், ரொம்பத் துள்றாரு." பிறகு சிரித்தாள்.

"இன்னா?"

"அடுத்த வூட்டு வாசல்ல நிக்கிறாரு. கால்ல ஒண்ணுமில்ல. 'செருப்பைக் கழற்றினார்'னு எழுத்து வருது."

"அத வுடு. கதவு தொறந்துச்சா?"

"தொறந்துச்சு. உள்ள போயிட்டாரு."