சரிதாவின் நிழல் கடிகாரங்கள்

ஓசூர் சிப்காட்டில் கைக்கடிகார உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சரிதாவுக்குத் தரம் பார்க்கும் வேலை. பதினெட்டு வருடமாகக் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு, கடுகளவு பல்சக்கரங்களில் பழுது தேடுகிறவள். அவளுக்கு முள்ளும் சக்கரமும் இல்லாத கடிகாரத்தின் மேல் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவள் கணவன் பிரகாஷ்தான்.

பிரகாஷ் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்து லோடு அடித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அத்திப்பள்ளிப் பக்கம் பழைய இரும்புக் கடைக்குப் போனவன், பூஜைக்கு ஆகும் என்று ஒரு பித்தளைத் தட்டை வாங்கிவந்தான். சரிதா புளி போட்டுத் தேய்த்தாள். ரோமன் எண்கள் தெரிந்தன. நடுவில் முக்கோணத் தகடு ஒன்று நிமிர்ந்து நின்றது. காயட்டும் என்று மொட்டை மாடியில் வைத்தபோது அதன் நிழல் ஒரு கோட்டின் மேல் போய் விழுந்தது.

"ஏங்க, இது தட்டு இல்லைங்க. மணி பாக்குறது."

"முள்ளு எங்க புள்ள?"

"நெழலுதான் முள்ளு."

ஆனால் காட்டிய மணி தப்பு. கம்பெனி இன்ஜினியரிடம் கேட்டாள். அது ஏதோ குளிர்தேசத்துக்காகச் செய்தது, நம் ஊர் வெயிலுக்கு அதைச் சாய்த்து வைக்க வேண்டும் என்று அவர் ஒரு கோணம் எழுதிக்கொடுத்தார். மரக்கட்டையை அந்தச் சரிவில் இழைத்து அடியில் கொடுத்ததும் நிழல் ஒழுங்குக்கு வந்தது. அப்படியும் சராசரியாகப் பத்தொன்பது நிமிடம் பின்தங்கியது. நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வைத்திருக்கிறார்கள், ஓசூரில் சூரியன் உச்சிக்கு வருவது அதைவிடத் தாமதம் என்றார் இன்ஜினியர். பிரகாஷுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கப்புறம் எங்கே போனாலும் பிந்தித்தான் வருவான். "நான் லேட்டில்ல சரிதா, சூரியனோட கரெக்டா வந்துட்டேன்" என்பான்.

ஒன்பது வருடத்தில் பதினான்கு சேர்ந்தன. பெங்களூர் சந்தையில் கிடைத்த, திசைகாட்டி வைத்த சட்டைப்பை அளவுக் கடிகாரம். இடித்த பங்களா ஒன்றின் தோட்டத்துக் கருங்கல் பலகை. தகடு உடைந்த சலவைக்கல். பிரகாஷ் கன்னடத்திலும் தெலுங்கிலும் சிரிக்கச் சிரிக்கப் பேசி வாங்கிவருவான். சரிதா சாய்மானம் பார்த்து வைப்பாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கோயில் கோயிலாகப் போவதை நிறுத்திய வருடத்தில்தான் பித்தளைத் தட்டு வந்தது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை. பிரகாஷின் அம்மா பாப்பம்மா மட்டும் வடகம் காயப்போட மாடிக்கு வந்து, "எனக்கு ஒரு முழம் எடமாச்சும் வுடுங்க" என்பாள்.

போன வருடம் மாசியில் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. பழைய வீடொன்றை இடிக்கிறார்கள், சுவரில் கல்லில் செதுக்கிய நிழல் கடிகாரம் இருக்கிறது, வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. சுவர்க் கடிகாரம் அவளிடம் ஒன்றுகூட இல்லை. கூடவே வந்த போட்டோவை விரல்களால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த ஞாயிறு அவளுக்கு ஷிப்ட். பிரகாஷ் ஆயாசமாக இருக்கிறது, அடுத்த வாரம் சேர்ந்தே போகலாம் என்றான். "அதுக்குள்ள ஒடைச்சிப் போட்டுருவாங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள் சரிதா.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தான்.

"ஏத்தியாச்சு. நாலு பேரு தூக்கினோம். ஒரு கீறல் இல்ல."

"கயிறு நல்லா கட்டினீங்களா? வழியில ஒருக்கா எறங்கிப் பாருங்க. மூலை செதறிடப் போவுது."

"பாக்கறேன், பாக்கறேன்."

கிருஷ்ணகிரி தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிக் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த லாரி அவனை அடித்துவிட்டுப் போய்விட்டது. கம்பெனி செக்யூரிட்டி வந்து சரிதாவைக் கூப்பிட்டபோது அவள் கண்ணில் லென்ஸ் இருந்தது. அதைக் கழற்றாமலேயே வாசல்வரை நடந்தாள்.

காரியம் முடிந்தது. வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நின்றது. மூன்று மாதம் கழித்து அதை விடுவித்தபோது பிரகாஷின் நண்பன் மோகன்குமார் ஓட்டிவந்தான். கல் அப்படியே இருந்தது. கயிறும் அவிழவில்லை.

"அண்ணி, இத எங்க எறக்கறது?"

"எங்கயாச்சும் கொண்டுபோய்ப் போட்டுருப்பா. என் கண்ணுல காட்டாத."

பாப்பம்மா வாசலுக்கு வந்தாள். கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "எம்மவன் கடைசியா தொட்டது இது. வெளிய போட்டா நாயி மூத்திரம் வுடும். உள்ள கொண்டா" என்றாள். நான்கு பேர் சேர்ந்து கூடத்தில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் சாத்தினார்கள். வெயில் எட்டாத மூலை அது.

தினமும் சரிதா அதைத் தாண்டித்தான் அரிசி அள்ள வேண்டியிருந்தது. ஒரு நாள் காலையில் படியைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"அத்தே, அவரு அன்னிக்குப் போவலன்னாரு. நான்தான் போவச் சொன்னேன். எறங்கிக் கயிறப் பாருங்கன்னு சொன்னதும் நான்தான்."

பாப்பம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"இத ஏன் எங்கிட்ட சொன்ன? லாரிக்காரன நெனச்சித் திட்டிக்கினு இருந்தேன். இனிமே யாரத் திட்டுவேன்?"

சரிதா அவள் காலருகே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கிழவி அவளைத் தொடவில்லை. எழுந்துபோகவும் இல்லை. பத்து நாள் வீட்டில் பேச்சில்லை. பதினொன்றாம் நாள் சரிதா வேலைக்குக் கிளம்பும்போது டிபன் பாக்ஸ் கட்டி வாசலில் வைத்திருந்தது. உள்ளே உப்பில்லாத பருப்புசாதம். அவள் கேண்டீனில் ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

ஆடி மாதம் பெங்களூரிலிருந்து கவிப்ரியா என்ற பெண் வந்தாள். அவளும் நிழல் கடிகாரம் சேர்ப்பவள். சரிதாவோடு போனில் பலமுறை பேசியவள். மாடியில் இருந்த பதினான்கையும் சரிதா அவளிடம் கொடுத்தாள். ஒவ்வொன்றின் சரிவுக்கட்டையையும் சேர்த்துக் கட்டி, எதற்கு எது என்று சாக்பீஸால் எண் போட்டுக் கொடுத்தாள். கூடத்துக் கல்லைப் பார்த்துக் கவிப்ரியா, "அக்கா, இது?" என்றாள்.

"அது எங்கத்தையோடது" என்றாள் சரிதா.

இப்போதும் எப்போதாவது பழைய இரும்புக் கடைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். நீங்கள் கேட்ட மாதிரி ஒன்று வந்திருக்கிறது, போட்டோ அனுப்பட்டுமா என்கிறார்கள். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிடுகிறாள். மாடி முழுக்க இப்போது பாப்பம்மாவுக்குத்தான். அவள் இந்தக் கோடையில் வடகம் போடவில்லை.