இரண்டாவது பிரேக்

மாடி ஜன்னலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருக்கிறார் மாஸ்டர். கீழே எதிர்வீட்டுக்காரர் தன் காரைப் பின்பக்கமாக எடுக்கிறார். வண்டி மதிலை நெருங்க நெருங்க இவருடைய வலது கால் தரையை அழுத்துகிறது. வண்டி நிற்கிறது. தான் அழுத்தித்தான் அது நின்றது என்று நம்புகிற அளவுக்கு அவர் அசடல்ல. ஆனாலும் பின்சக்கரத்தை ஒருமுறை எட்டிப் பார்த்த பிறகுதான் வாய் கொப்பளிக்கப் போகிறார்.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் பள்ளியில் அவருக்குப் 'பிரேக் மாஸ்டர்' என்று பெயர். அங்குள்ள வெள்ளைக் காரில் ஓட்டுபவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் கற்றுக்கொடுப்பவர் அழுத்துவதற்காக வைத்தது இந்த இரண்டாவது. மற்ற மாஸ்டர்கள் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுக் கொட்டாவி விட்டபடி வருவார்கள். நம்மவர் அதன்மேல் காலைக் குடிவைத்திருக்கிறார். தெருவின் அந்தக் கோடியில் நாய் படுத்திருந்தால் இந்தக் கோடியிலேயே பிரேக். பந்து உருண்டு வரவேண்டும் என்பதுகூட இல்லை, பந்து வைத்திருக்கும் பிள்ளைகள் உள்ள வீடு என்று தெரிந்தாலே போதும். அவருடைய செருப்புகளில் வலது மட்டும் தேய்ந்து ஓட்டையாகும். இடது புத்தம் புதிதாக வீட்டு மூலையில் சேர்ந்துகொண்டே போகும். செருப்புக் கடைக்காரர் ஒற்றைக் கால் விற்பதில்லை என்பது அவருடைய பல நாள் மனக்குறை.

ஆள் பார்க்க அமைதிதான். சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவார், யாரையும் கடிந்து பேசமாட்டார். அவர் வாயிலிருந்து ஒரு நாளில் அதிகம் வரும் சொல் "பார்த்து." மாணவரிடம் "பார்த்து, பார்த்து." காய் நறுக்கும் மனைவியிடம் "பார்த்து." தொலைக்காட்சியில் கதாநாயகன் காரில் ஏறினால் அவனிடமும் "பார்த்துப்பா." சோபாவில் அவர் உட்காரும் இடத்துக்கு நேர்கீழே விரிப்பில் ஒரு பாதத்தின் அளவுக்கு நூல் பிரிந்து கிடக்கிறது.

மனைவி பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மணவாழ்க்கையின் தொடக்கத்தில் மாஸ்டரைக் கணக்குப் போட்டே திருத்திவிடலாம் என்று நினைத்திருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனை எடுக்காவிட்டால் மாஸ்டரின் மனம் இரண்டாவது மணி அடிப்பதற்குள் மருத்துவமனைக்குப் போய், மூன்றாவது மணிக்குள் அதைவிட மோசமான இடத்துக்கும் போய்த் திரும்பியிருக்கும். "ரோட்டுல போற ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குத்தாங்க ஏதாவது ஆகும்" என்று டீச்சர் எடுத்துச் சொல்வார். "அந்த ஒருத்தர் யாருன்னு உன் கணக்கு சொல்லுதா?" என்பார் மாஸ்டர். மகள் குளித்துவிட்டு வந்து போனை எடுத்து, "என்னப்பா, இப்பத்தானே பேசினோம்" என்பாள்.

இதையெல்லாம் வீட்டில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு காலையில் முகச்சவரம் செய்யும்போது அவருக்கு மூச்சு முட்டும்வரை. நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் மரத்துப்போயின, கண்ணாடியில் இருந்த பாதி நுரை முகம் யாரோ போலத் தெரிந்தது. போய்ச் சேரும் நேரம் வந்துவிட்டது என்றே அவர் முடிவுகட்டினார். அந்த நிலையிலும் சவரக் கத்தியை யார் காலிலும் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். மருத்துவமனையில் இசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, இது பதற்றம் முற்றிப்போய் உடம்பு அடிக்கும் மணி, ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். மாஸ்டருக்குப் பெரிய ஏமாற்றம். இதயத்தில் இல்லையென்றால் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஆலோசகரிடம் போகவில்லை. பைத்தியம் என்று நாலு பேர் சொல்லமாட்டார்களா என்கிற கவலையும் மற்றக் கவலைகளோடு சேர்ந்துகொண்டது.

அவரைப் போகவைத்தது நர்ஸம்மா.

நர்ஸம்மா டிரைவிங் பள்ளியில் கார் கற்றுக்கொள்ள வந்தவர். மருத்துவமனையில் படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிப் புரட்டி இடுப்பு விட்டுப்போய்விட்டது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அதற்கு லைசென்ஸ் வேண்டும். நிதானமான கை, நல்ல கண். இவ்வளவு அருமையாக வண்டியை நிறுத்தும் மாணவியைப் பார்த்ததே இல்லை என்று பள்ளி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார் மாஸ்டர். தேர்வன்று பக்கத்து இருக்கையில் மாஸ்டருக்குப் பதிலாக இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார், இரண்டாவது பிரேக்கில் கால் வைக்காமல். நர்ஸம்மா அழகாகக் கிளப்பினார், அழகாகத் திருப்பினார், முதல் சாலைச் சந்திப்பில் வெள்ளைக் கோட்டைத் தாண்டி, குறுக்கே வந்த தண்ணீர் லாரியின் மூக்குக்கு முன்னால் போய்த்தான் நின்றார். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை.

திரும்பி வந்த நர்ஸம்மா அழவில்லை. மாஸ்டரை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"மாஸ்டர், கோடு வந்ததும் வண்டி தானா நிக்கும்னு காத்திருந்தேன். எப்பவும் நிக்குமே."

மாஸ்டர் ஒவ்வொரு பாடமாக நினைத்துப் பார்த்தார். இத்தனை வாரமும் அந்த அம்மாள் ஒரு நாள்கூடப் பிரேக்கை அழுத்திப் பழகியதில்லை. கால் கிளம்புவதற்கு முன்பே இவர் அழுத்திவிட்டிருக்கிறார். அருமையாக வண்டியை நிறுத்தியது மாஸ்டரேதான். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று கட்டிக் காத்த அவர் காலே ஒரு மனுஷியை லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. பள்ளி முதலாளியும் விடவில்லை. நர்ஸம்மாவுக்கு இன்னொரு தேர்வு உண்டு, அதிலும் தவறினால் மாஸ்டர் வண்டியை விட்டு இறங்கி ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

ஆலோசகரின் அறை ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில். மேஜை, இரண்டு நாற்காலி, தண்ணீர் ஜாடி, வேறொன்றும் இல்லை. ஆலோசகர் ஒரு பெண், மாஸ்டரின் மகள் வயதுதான் இருக்கும். முதலாளியிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார் மாஸ்டர். திரும்பும்போது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும் என்பதும் அவர் கவலைகளில் ஒன்று. வண்டியில் எப்போதாவது பெரிய விபத்து நடந்ததா என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை என்றார். சின்னதாக? அதுவும் இல்லை.

"ஒண்ணுமே நடக்கலம்மா. அதுதான் பயமே. அப்ப இனிமேதானே நடக்கணும்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை, எழுதவும் இல்லை. சிறிது நேரம் மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. எந்த ஊர், தனியாக இருக்கிறாளா, ஸ்கூட்டர் ஓட்டுவாளா. ஸ்கூட்டர் என்ற இடத்தில் பெண்ணின் பார்வை மேஜைக்குக் கீழே போனது.

"இப்ப எதுக்கு சார் பிரேக் போட்டீங்க?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். வலது கால் தரையில் விறைப்பாக ஊன்றி நின்றது. அதை மறைக்க இடது காலைக் குறுக்கே வைத்தார், பிறகு அதையும் எடுத்துவிட்டார். யாரோ தன் வீட்டுக்குள் வந்து, தான் மட்டுமே அறிந்த அறையைத் திறந்துவிட்டது போல இருந்தது. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

வாரம் ஒருமுறை அவருக்குப் பல்வலி வந்தது. எந்தப் பல் என்று முதலாளி விசாரித்தபோது ஒரு வாரம் வலது பக்கம் காட்டினார், அடுத்த வாரம் இடது பக்கம். மாடியறையில் அவர் எதிர்பார்த்த தேறுதல் கிடைக்கவில்லை. ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சாக்குறையாகக் கேட்டும் பார்த்தார். அதைத்தான் உங்கள் மனைவி இவ்வளவு காலமும் சொல்லிவருகிறாரே, குறைந்ததா என்று கேட்டார் அந்தப் பெண். பிறகு, மாஸ்டர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போன ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"பயம் ஏறும் சார், அப்புறம் எறங்கும். ஏறும்போதே நீங்க காலை வச்சிடுறீங்க. அது தானா எறங்குறதை நீங்க பார்த்ததே இல்ல."

காலை எடுத்தால் யாராவது செத்துப்போவார்களே, இது என் தொழில் அல்லவா என்று மாஸ்டர் வாதாடினார். ஆபத்து வந்தால் தாராளமாகப் போடுங்கள், ஆபத்து வரலாம் என்பதற்காகப் போடாதீர்கள் என்று பதில் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தானே இங்கே வந்திருக்கிறேன் என்று அவருக்குச் சொல்லத் தோன்றியது.

பாடம் சோபாவில் தொடங்கியது. தொலைக்காட்சியில் கார் துரத்தல் வரும்போது கால் அழுத்தப் போகிறது என்று தெரிந்ததும் மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு சும்மா இருக்கவேண்டும். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று மாஸ்டருக்கு அதுவரை தெரியாது. வியர்த்து ஊற்றியது. டீச்சர் மின்விசிறியைக் கூட்டிவைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் மகளின் போன் முழுவதும் அடித்து ஓய்ந்தது. அவர் மறுபடி அடிக்காமல் காத்திருந்தார். மருத்துவமனை வரைக்கும் போன மனம் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மெல்லத் திரும்பி வந்தது. அவள் பிறகு கூப்பிட்டு, "என்னப்பா, உடம்பு சரியில்லையா? ஒரே ஒரு தடவைதான் அடிச்சிருக்கீங்க" என்று பதறினாள். டீச்சர் அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

சோபாவில் முடிந்தது காரில் முடியவில்லை. நர்ஸம்மாவின் மறுதேர்வுக்கு முந்தைய நாள், அதே சந்திப்புக்குப் போகும் சாலை. இருபுறமும் கிடங்குகள். மதிய நேரம் என்பதால் போக்குவரத்து குறைவு, தொலைவில் ஒரு லாரி மட்டும் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா நிதானமாகத்தான் ஓட்டினார். கோடு தெரிந்தது. மூச்சை விடு என்று மாஸ்டர் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லி முடிப்பதற்குள் கால் போய்விட்டது. வண்டி அருமையாக நின்றது.

"அது நீங்கதானே மாஸ்டர்?"

மாஸ்டர் தலையாட்டினார். கிடங்கைச் சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார்கள். இந்த முறை காலை இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கோடு நெருங்கியதும் அது நழுவி முன்னால் வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. வண்டி நின்றது. நர்ஸம்மா வண்டியை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், அவர் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"நாளைக்கு நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்க மாஸ்டர். எனக்கு இந்த வேலை வேணும்."

ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது நோயாளியிடம் பேசும் குரல் அது. கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம், சொல்லி என்ன ஆகப்போகிறது? வேறு மாஸ்டரைக் கேளுங்கள் என்றும் சொல்லலாம். அது இன்னும் எளிது. மாஸ்டர் போகலாம் என்று கைகாட்டினார்.

மூன்றாவது சுற்று. கிடங்கின் மூலை திரும்பியதும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. விரல் நுனிகள் மரத்தன. குறுக்குச் சாலையில் ஏதோ ஒரு வண்டியின் ஹாரன் கேட்டது, எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. ஏறுகிறது என்று அவருக்குத் தெரிந்தது, இதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறுகிறது. கோடு வந்துகொண்டிருந்தது. மாஸ்டர் செருப்பு இரண்டையும் உதறினார். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின்மேல் வைத்து, சாப்பாட்டுக்கு உட்காருகிறவர் போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நர்ஸம்மா ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, மூக்கைத் தாழ்த்தி, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. அவ்வளவு அழகாக நிற்கவில்லை.

மாஸ்டரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலைக் கீழே இறக்காமல், கையை மட்டும் நீட்டி, இன்னொரு சுற்று போகச் சொல்லி விரலைச் சுழற்றினார்.