இரண்டு அங்குல மூச்சு

சத்துப் பவுடர் குடித்தால் உடம்பு ஏறுமா என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. அதை விற்றவளும் நான்தான், குடித்தவரைக் கட்டிக்கொண்டவளும் நான்தான். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவளுக்கு ஒரே வார்த்தையில் பதில் வராது.

அறுபதுகளின் நடுவில், தங்கச் சுரங்க ஊரான தங்க வயலில், பேட்டைக் கடைவீதியில் அப்பாவுக்கு மளிகைக் கடை இருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரப் போகும்போது கடையை நான் பார்த்துக்கொள்வேன். கல்லாவுக்குப் பக்கத்திலேயே என் தையல் மிஷின். ஆள் வந்தால் பருப்பு நிறுப்பேன், வராவிட்டால் ரவிக்கை தைப்பேன்.

கடையின் மேல்தட்டில் அந்த டப்பாக்கள் இருந்தன. பெங்களூரிலிருந்து ஒரு ஏஜென்ட் ரயிலில் கொண்டுவந்து போடுவார். டப்பாவின் மேல் சட்டை போடாத ஒருவன் இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு நிற்பான். அவனுக்கு மூக்கும் முழியும் நம் பக்கத்து ஆள் மாதிரி இருக்காது. உள்ளே இருப்பது என்ன என்று நானே ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். பால் பவுடர் வாசனை, வறுத்த மாவின் வாசனை, கொஞ்சம் தித்திப்பு, நாக்கில் வைத்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேறு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர்களிடம் அப்பா அதன் பெருமையை மூச்சு விடாமல் சொல்வார். ஆனால் வீட்டில் கொஞ்சம் கரைத்துக் குடிக்கலாமா என்று அம்மா கேட்டபோது, "அது விக்கிறதுக்கு வந்த சரக்கு, நமக்குக் கூழு போதும்" என்று முடித்துவிட்டார்.

வாங்குகிறவர்கள் எல்லாரும் கரடிக்குப் போகிறவர்கள். கன்னடத்தில் கசரத்துக் கூடத்துக்கு கரடி மனை என்று பெயர். எங்கள் ஊரில் மனையை விட்டுவிட்டு கரடியை மட்டும் வைத்துக்கொண்டோம். வேலூர்ப் பக்கமிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், "பையன் கரடிக்குப் போயிகிறான்" என்று கேட்டுப் பதறிப்போய்க் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியதை எங்கள் வீட்டில் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம்.

என் அத்தை மகனும் கரடிக்குப் போனார். போகக் காரணம் நான். என்னை அவருக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசிவைத்திருந்தார்கள். ஆனால் நிரந்தர வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்பது அப்பாவின் நிபந்தனை. அத்தை குடும்பம் ஊரிலேயே கோரமண்டல் என்ற பகுதியில், சுரங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தது. அவர் பூமிக்கு அடியில் பம்ப் பார்க்கும் தற்காலிக வேலையில் இருந்தார். கீழே ஊறி வரும் தண்ணீரை மேலே தள்ளும் பம்ப் அது. சுவிட்சைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்த நேரத்தில் சேர்த்துவைத்த கதையை எல்லாம் கடைக்கு வந்து என்னிடம் கொட்டுவார். ஆள் ஒல்லி, வாய் மட்டும் பெரிசு.

சுரங்கத்துக்குக் காவலாள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. ஷிப்ட் முடிந்து கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வருகிறவர்கள் தங்கம் ஒளித்திருக்கிறார்களா என்று சோதனை போடும் வேலை. சீருடை, பூட்ஸ், நிரந்தரம். உயரம் அவருக்கு இருந்தது, நெஞ்சளவுதான் இல்லை. சாதாரணமாக நிற்கும்போது ஒரு அளவு வேண்டும். மூச்சை இழுத்தால் அதற்குமேல் இரண்டு அங்குலம் விரிய வேண்டும். அடுத்த தடவை ஆள் எடுப்பதற்குள் உடம்பை ஏற்றிக்காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கரடியில் சேர்ந்தார்.

அங்கே இரும்பெல்லாம் சுரங்கத்தில் கழித்துப் போட்டதுதான். பாறையில் துளை போடும் கம்பியின் இரண்டு பக்கமும் தள்ளுவண்டிச் சக்கரத்தை மாட்டித் தூக்குவார்கள். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று, கசரத்து சொல்லிக்கொடுக்கும் வஸ்தாது ஆளைப் பிழிந்தெடுப்பாராம். கூடவே எங்கள் கடை டப்பா. முதல் டப்பாவை அப்பாவே எடுத்துக் கொடுத்தார். அடுத்ததிலிருந்து அத்தை மகன் தன் சம்பளத்தில் வாங்கினார். கடைவீதியில் அவருக்கு டப்பா மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது.

உடம்பு ஏறியது. அதை நான் மறுக்க மாட்டேன். சட்டை அக்குளில் கிழிந்து, நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் எது ஏற்றியது? முட்டை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் அத்தை, மகனுக்காகக் கொல்லையில் ஸ்டவ் வைத்து முட்டை அவித்தாள். கொள்ளு வேக வைத்தாள். அதே கரடியில் கூடவே கசரத்து செய்த ஒருவர், கீழே பாறை துளைக்கும் மிஷின் பிடிப்பவர், ஒரு டப்பாகூட வாங்கியதில்லை. அவர் வீட்டில் களியும் மாட்டுக்கறியும்தான். அவருக்கும் இவருக்கும் நெஞ்சு ஒரே அளவாகத்தான் இருந்தது. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, "கடையில குந்திகினு இதெல்லாம் பேசாதம்மா" என்றார்.

எனக்கு வேறு ஒரு குறை இருந்தது. உடம்பு ஏற ஏற அவர் பேச்சு குறைந்துபோனது. கடைக்கு வருவார், நெஞ்சை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பார், கேட்டதற்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார். "எப்பவும் நெஞ்ச தூக்கி வையி, எறங்க வுடாத" என்பது வஸ்தாதின் கட்டளை. நடக்கும்போது, நிற்கும்போது, சைக்கிளில் போகும்போதுகூட நெஞ்சு ஏறியபடியே இருந்தது. பேசினால் இறங்கிவிடுமே என்று பயம். எனக்கு அது தெரியாது. தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். அந்தப் புஜத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு வேண்டியிருந்தது பழைய வாயாடிதான்.

மறுபடி ஆள் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அத்தை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். உயரம் சரி, எடை சரி. டாக்டர் டேப்பைச் சுற்றி, "சும்மா நில்" என்றாராம். இவர் வழக்கம்போல் நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நின்றார். நல்ல அளவு வந்தது. "இப்போது மூச்சை இழு" என்றாராம். இழுத்தார். டேப் அசையவில்லை. ஏற்கெனவே நிரம்பிய குடத்தில் இன்னும் எங்கே ஊற்றுவது? திரும்ப அளந்தபோதும் அதே கதைதான். பூமிக்கு அடியில் எத்தனை நாளாக வேலை, இருமல் உண்டா என்று விசாரித்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்து வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வரிசையில் பின்னால் நின்றவன் காதில் இது விழுந்தது. அன்றைக்கே கடைவீதி முழுக்கச் செய்தி. "நெஞ்சு விரியலியாம்."

வெளியூர்க்காரருக்கு இது சாதாரணப் பேச்சாகத் தோன்றும். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வருஷக்கணக்காகக் கல்தூசியை இழுத்து, நுரையீரல் இறுகிப்போய், நாலு படி ஏற முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அந்த நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. நெஞ்சு விரியவில்லை என்றுதான் சொல்வார்கள். பம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு அவ்வளவு சீக்கிரம் அது எப்படி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தது. "ஆரம்பத்துல படத்துல தெரியாதுபா" என்று கடைவீதி அதற்கும் பதில் வைத்திருந்தது. குடியாத்தத்தில் எண்ணெய் மண்டிக்காரர் ஒருவருக்கு மகன் இருப்பதாக அப்பா அம்மாவிடம் பேச்செடுத்தார். அழுதேன் என்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

அப்பாவுக்கும் நிம்மதி போயிருந்தது. வருகிற கரடிப் பையன்கள் எல்லாம், "இன்னா மொதலாளி, உன் டப்பாவ அவ்ளோ குடிச்சும் மாப்ளைக்கு நெஞ்சே விரியலியாமே?" என்று கேட்டார்கள். பவுடர் நல்ல சரக்கு என்றால் மாப்பிள்ளை நோயாளி. மாப்பிள்ளை ஆரோக்கியமானவர் என்றால் பவுடர் வெறும் மாவு. எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் நஷ்டம். டப்பாக்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அப்பா சாப்பிடப் போயிருந்த நேரம் அத்தை மகன் வந்தார். திறக்காத டப்பா ஒன்றைக் கொண்டுவந்து பலகை மேல் வைத்தார்.

"வாணாம். இத வச்சிக்க" என்றார். அப்போதும் நெஞ்சு ஏறியே இருந்தது.

"குடியாத்தத்துல மாப்ள பாக்கறாங்க எனுக்கு. தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கு ஒண்ணியும் சொல்ல மாட்டீங்களா?"

டப்பாவை என் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. மிஷின் மேல் கிடந்த டேப்பை உருவிக்கொண்டு வெளியே வந்தேன். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று அவர் நெஞ்சைச் சுற்றி டேப்பைப் போட்டு முனையைப் பிடித்தேன்.

"மூச்ச வுடுங்க மாமா."

"வுட்டுட்டேனே."

டேப் இறுக்கமாகவே இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. விடுவது எப்படி என்று உடம்புக்கே மறந்து போயிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எப்படித் தோன்றியதோ தெரியாது.

"அந்த செருப்பு கத சொல்லுங்க" என்றேன்.

"இப்ப எதுக்கு புள்ள அது?"

"சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினார். ஒரு நாள் பம்ப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிப்போனார். தண்ணீர் ஏறிச் செருப்பை அடித்துக்கொண்டு கீழ் லெவலுக்குப் போய்விட்டது. அங்கே இருந்த பம்ப்காரர் போன் போட்டு, "உன் செருப்பு மட்டும் டூட்டிக்கு வந்துகீது, நீ எப்பபா வருவ?" என்று கேட்டாராம். நான் பல தடவை கேட்ட கதை. சொல்லும்போது பாதியிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். அன்றும் வந்தது. சிரிக்கச் சிரிக்க என் கையில் டேப் தொய்ந்தது. நெஞ்சு கீழே இறங்கியது, தோள் இறங்கியது. எனக்குத் தெரிந்த ஒல்லி ஆள் அந்தச் சதைக்குள்ளிருந்து வெளியே வந்து நின்றார்.

"இப்ப இழுங்க."

இழுத்தார். டேப் என் விரலுக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது.

நிமிர்ந்தால், கடை வாசலில் அப்பா. வயசுப் பெண் நட்டநடுப் பகலில் கடை முன்னால் ஆம்பிளையின் நெஞ்சை அளந்துகொண்டிருந்தால் எந்த அப்பாவுக்கும் வாயில் வசவுதான் வரும். அவருக்கும் வந்திருக்கும். ஆனால் பரம்பரை வியாபாரி. அளவு என்று ஒன்று கண்ணில் பட்டால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

"எவ்ளோ?" என்றார்.

"மூணு அங்குலம்."

"திருப்பி அள." நான் அளப்பதற்குள் டேப்பைப் பிடுங்கிக்கொண்டு தாமே அளந்தார். மூச்சை விடச் சொன்னார், இழுக்கச் சொன்னார். துணிக்கடைக்காரரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இன்னொரு தடவை அளக்க வேண்டும் என்று சுரங்க ஆபீசில் கேட்கக் கிளம்பிவிட்டார். மகளுக்காகவா, மேல்தட்டுச் சரக்குக்காகவா என்று நான் கேட்கவில்லை.

மறுபடி அளந்தார்கள். டேப்பைச் சுற்றும்போது செருப்பை நினைத்துக்கொண்டதாக அவர் பிறகு என்னிடம் சொன்னார். வேலை கிடைத்தது. எங்கள் கடையில் டப்பா வியாபாரம் சூடு பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை கடையில் வந்து சும்மா நிற்கட்டும் என்று அப்பா சொல்லி அனுப்பினார். அவரும் வந்து நின்றார், வெட்கம் கெட்ட மனுஷர்.

கல்யாணத்துக்குப் பிறகு கரடியும் நின்றது, பவுடரும் நின்றது. ஏறிய சதை வந்த வழியே போய்விட்டது. காலி டப்பாக்களில் எங்கள் வீட்டுப் புளியும் மிளகாயும் வெகுகாலம் இருந்தன. பவுடரால் பலன் உண்டா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தயங்குவது இதனால்தான். பலன் உண்டு என்று சொன்னால் களி தின்றவரும் முட்டை அவித்த அத்தையும் நினைவுக்கு வருகிறார்கள். இல்லை என்று சொன்னால் அப்பா ஞாபகம் வருகிறது.

கல்யாணத்தன்று எடுத்த படம் ஒன்று வீட்டில் மாட்டியிருக்கிறது. போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, நேராக நிற்கச் சொன்னார். இவர் உடனே நெஞ்சைத் தூக்கினார், டப்பா மேல் நிற்கிறவன் மாதிரி. நான் தலையைக் குனிந்தபடியே, "செருப்பு டூட்டிக்கு வந்துட்சா?" என்றேன். படம் விழுந்தது அந்தச் சிரிப்பில்தான். கல்யாணச் சட்டையை, தூக்கிய நெஞ்சுக்கு அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். படத்தில் அது தொளதொளவென்று தொங்குகிறது. பார்க்கிறவர்கள் இரவல் சட்டையா என்று கேட்பார்கள். சட்டை அவருடையதுதான். அவ்வளவு பெரிய சட்டைக்குள் மூச்சை விட்டுவிட்டு நிற்கிறாரே, அந்த ஒல்லி ஆளைத்தான் நான் கட்டிக்கொண்டேன்.