அப்பாவின் தோளும் துரையின் சான்றிதழும்

தோழிகளே, இன்று நடந்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

ஹார்பரில் மூட்டை தூக்கும்போது அப்பாவுக்குத் தோள் பிசகிவிட்டது. காலையில் ராயபுரத்தில் ஒரு சுளுக்கு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் ஆங்கிலச் சான்றிதழ் தொங்கியது.

“நீதான் பி.ஏ. ஆச்சே, இன்னா எய்திக்கீதுன்னு பாரு. சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கே போயிக்கலாம்” என்றாள் அம்மா.

படித்தேன். ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதியது: ‘இவர் என் குதிரைகளின் கால்களை நன்றாகப் பிடித்துவிடுவார்.’

வைத்தியர் என்னையே பார்த்தார். காத்திருந்த பத்துப் பேரும் பார்த்தார்கள். கூச்சத்தில், “நல்லாத்தான் எழுதியிருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

“அப்பால இன்னா நைனா, கையக் குடு!” என்று வைத்தியர் ஒரே இழுப்பாக இழுத்தார். அப்பா அலறினார்.

மாலையில் ஆஸ்பத்திரியில், இழுத்ததில் எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். இனி மூட்டை தூக்குவது சந்தேகமாம்.

“யார் பேச்சக் கேட்டு அந்தாளாண்ட போன மாமு?” என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

“சும்மா ஒண்ணும் போவல. எம் பொண்ணு இங்கிலீசுல படிச்சிப் பாத்து சொல்லிச்சு” என்றார் அப்பா, பெருமையாக.

நான் அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பதில் எழுதும்போது தாராளமாகத் திட்டுங்கள். எங்கள் வீட்டில் கடிதம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.