முயலுக்கு எண்ணெய் முழுக்கு

அம்மா இறந்த பிறகு சேலையூர் வீட்டில் என்னோடு இருந்தது ஒரு முயல்தான். அறுபதுகளின் கடைசி அது. பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சர் கல்யாணமாகிப் போகும்போது, "நீ தனியாத்தானே இருக்கே" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். தனியாக இருப்பவள் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம் போலிருக்கிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே அதன் நினைப்பு வந்துவிடும்.

பங்குனி வெயிலில் அதற்கு முடி கொட்ட ஆரம்பித்தது. பாயில் முடி, ரசத்தில் முடி, சர்ச்சுக்குக் கட்டும் புடவையில் முடி.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் வீட்டுக்கார அக்கா. முயலைத் தடவிப் பார்த்து, "ஆணா, பொண்ணா?" என்று கேட்டார். ஆண் என்றேன். எதற்குக் கேட்டார் என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது. எண்ணெய் முழுக்கு பெண்களுக்கு வெள்ளி, ஆண்களுக்குச் சனி அல்லவா? நான் மார்க்கெட்டிலிருந்து திரும்பினால், நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு முழுக வைத்து, துவைக்கிற கல்லில் உட்கார்த்தி வைத்திருக்கிறார். முயல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உங்களை யாரு கேட்டா?"

"உடம்புச் சூடும்மா, அதான் கொட்டுது. எங்க வூட்டுக்காரருக்கு வாராவாரம் நான்தானே தேச்சு வுடறேன்" என்றார் அக்கா.

"அவர் தலையில இப்ப என்ன மிச்சம் இருக்கு?"

கேட்டுவிட்டேன். பொய்யொன்றும் இல்லையே. எண்ணெய்க் கிண்ணத்தோடு உள்ளே போனவர், அப்புறம் என்னோடு பேசவில்லை.

எண்ணெய்ப் பிசுக்கு போக முயல் உடம்பை நக்கிக்கொண்டே இருந்தது. மறுநாள் புல்லைத் தொடவில்லை. திங்களன்று லீவு போட்டு, கூடையில் வைத்து மாட்டு டாக்டரிடம் தூக்கிப்போனேன்.

"முடி உதிர்றது அதோட சுபாவம், டீச்சர். நக்கி முழுங்கி வயித்துல அடைச்சிருக்கு. மிச்ச முடியை வாரி எடுங்க, தண்ணி குடுங்க. புழுக்கை போட்டா பிழைச்சிடும். போடலேன்னா கஷ்டம்."

மடியில் போட்டுப் பேன் சீப்பால் வாரினேன். கொத்துக் கொத்தாக வந்தது. அடியில் எலும்பு தட்டுப்பட்டது. இவ்வளவு சின்ன உடம்பா என்று பயமாகிவிட்டது. "போயிடாதடா" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற ஆளே இல்லை. ஆஸ்பத்திரியில் அம்மாவிடம்கூட அப்படிச் சொன்னதில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மூலையில் புழுக்கை, முடியில் கோத்த மணி மாதிரி. கொத்தமல்லித் தழையை நீட்டினேன். மெதுவாகக் கடித்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று முற்றத்துக்கு ஓடினேன். கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா, என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஊரில் நான் போய்த் தட்ட வேறு கதவு கிடையாது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்து, "உனக்கு உடம்பு சரியாயிடுச்சு, தெரியுமா?" என்று முயலிடமே சொன்னேன்.