‘பழைய பில்’ என்றொரு ஃபோல்டர்

ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் பெண் என்று இருந்தது நான் ஒருத்திதான். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் கேமராவோடு போக ஒரு பெண் வேண்டும். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டவும் அதே பெண்தான் வேண்டும். எந்த ஆணும் பார்க்கக் கூடாது என்பது பேச்சு. இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும், அந்த ஒரு பேச்சை நம்பித்தான் பெரிய வீடுகளெல்லாம் எங்களைக் கூப்பிட்டன.

அந்தக் கல்யாணப் பெண் வளைகுடாவுக்குப் போகிறவள். வியாழக்கிழமை மதியம் காரில் கிளம்பி மெட்ராஸில் விமானம் ஏற வேண்டும். கல்யாணத்தன்று மருதாணிக் கையை விரித்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “அங்க எனக்குன்னு யாரும் இல்லக்கா. மூணு வருஷம் வரவும் முடியாது. இதப் போட்டுப் பார்த்துக்குவேன். போறதுக்குள்ள குடுத்துடுங்க.” கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

கேசட் ஒரு மணி நேரம் ஓடினால் கம்ப்யூட்டரில் ஏறவும் ஒரு மணி நேரம். மூன்று கேசட்டையும் ஏற்றி முடித்த அன்றே அவள் அம்மா ஆளனுப்பி அவற்றை வாங்கிக்கொண்டார். அந்த வீடுகளில் அதுதான் வழக்கம். சனிக்கிழமைக்குள் முக்கால்வாசி எடிட்டிங் முடிந்திருந்தது. மறுநாள் எனக்கு சர்ச். முதலாளியோ ஞாயிற்றுக்கிழமை அதே கம்ப்யூட்டரில் வேறு வேலை இருக்கிறது என்றார். ஆண்கள் நான்கு பேர் உட்காரப் போகிற இடத்தில், கல்யாணப் பெண் பெயரிலேயே ஒரு ஃபோல்டரை விட்டுப் போக முடியுமா? அதை வேறு டிரைவுக்கு நகர்த்தி, ‘பழைய பில்’ என்று பெயர் மாற்றிவிட்டுப் போனேன். பழைய பில்லை எவன் திறந்து பார்க்கப் போகிறான்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேலையைத் திறந்தால், எல்லாத் துண்டுகளும் சிவப்புக் கட்டமாக நின்றன. மீடியா ஆஃப்லைன், அதாவது படம் கிடைக்கவில்லை என்றது. மூடித் திறந்தேன், கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டேன், அதே சிவப்பு. ஒரு வாரம் கண் எரிய உட்கார்ந்து ஒட்டியது. அந்த மென்பொருளை எழுதியவன் எதிரே வந்திருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன்.

செவ்வாய் முழுக்க வேலூர் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டதில், புதன்கிழமைதான் அவர் பஸ் பிடித்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மவுஸில் கை வைத்தார். நான் திரையை மறைத்துக்கொண்டு நின்றேன். சிவப்புக் கட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்றார். சரியாகிவிட்டால் படம் வந்துவிடுமே என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் கம்ப்யூட்டருக்கு முதுகைக் காட்டி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். திரையில் வந்ததை நான் வாசிக்க வாசிக்க, அவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

அப்போதுதான் கேட்டார். “ஃபைலை எங்கயாவது நகத்தினியாம்மா? பேரு கீரு மாத்தினியா?”

“இல்லண்ணா.”

வாசலில் முதலாளி நின்றிருந்தார். ஒளித்த இடத்தைச் சொல்லிவிட்டால் ஒளித்ததற்கு என்ன அர்த்தம்? அதுவுமில்லாமல், எல்லாவற்றையும்தான் மென்பொருளுக்குள் இம்போர்ட் செய்தாயிற்றே, வெளியே இருப்பது எங்கே இருந்தால் என்ன என்றுதான் நினைத்தேன். அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன். ஹார்ட் டிஸ்க்கே போயிருக்கும், அதில் இருந்த எதுவும் தேறாது என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் போய்விட்டார்.

வியாழன் காலை வெட்கத்தை விட்டு அந்த வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கேசட்டை ஒரு நாளைக்குத் திருப்பித் தர முடியுமா என்று அவள் அம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். “அன்னைக்கே உள்ள இருக்கற நாடாவை உருவி நறுக்கி அடுப்புல போட்டுட்டேம்மா. நாளைக்கு யார் கைல சிக்குமோன்னு பயம். உன்கிட்டதான் இருக்குதே.”

கல்யாணப் பெண் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள்.

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியவில்லை. வந்ததும் மெக்கானிக்குக்குப் போன் போட்டு, நகர்த்தினேன், பெயரும் மாற்றினேன் என்று ஒப்புக்கொண்டேன். பழைய இடத்தில் பழைய பெயரிலேயே வைத்துவிட்டுத் திற என்றார். திறந்தேன். சிவப்பெல்லாம் போய், மருதாணிக் கையும் பூச்சரமுமாக அத்தனையும் வந்து நின்றது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தோல் குடோனுக்குச் சரக்கு வராமல், சரக்கு எங்கே கிடக்கிறது என்ற சீட்டு மட்டும் வந்த மாதிரிதான் அந்த இம்போர்ட். நான் குடோனையே இடம் மாற்றிவிட்டுச் சீட்டின் மேல் கோபப்பட்டிருக்கிறேன்.

“இதத்தானேம்மா நேத்து மூணு தடவ கேட்டேன்” என்றார் மெக்கானிக். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மிச்சத்தை அவசரமாக ஒட்டி முடித்தபோது மணி பதினொன்று. ஆனால் ஒன்றரை மணி நேரப் படம் முழுதாக உருவாகி டிஸ்க்கில் ஏற, அந்தக் கம்ப்யூட்டருக்கு ஐந்து மணி நேரம் வேண்டும். இரண்டு மணிக்கு அவர்கள் கார் கிளம்பியிருக்கும். அப்போது ஐம்பத்தெட்டு சதவீதம் ஆகியிருந்தது. அந்த எண்ணை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மேலேயே அவ்வளவு ஆத்திரம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

சாயங்காலம் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போனேன். வீடு பெருக்கித் துடைத்து வெறிச்சென்று இருந்தது. அனுப்பிவிடுங்கள் என்றேன். அவள் அம்மா முடியாது என்று தலையசைத்தார்.

“தபால்ல போட முடியாதும்மா. வழியில யாரு பிரிச்சுப் பார்ப்பாங்களோ. அவ வரும்போது பார்த்துக்கட்டும்.”

பீரோவில் புடவைகளுக்கு அடியில் அதை வைத்துப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே, ஆம்பளைங்க யாரும் பார்க்கலையே என்று கேட்டார்.

“யாரும் பார்க்கலம்மா” என்றேன். அது உண்மைதான். அந்தப் பெண்ணும் பார்க்கவில்லை.